குளிர்கடலில் பாக்டீரியா செய்யும் வேலை: மும்பைத் தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி, டோம்பிவிலி பக்கம் உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும், மீன் வாங்கப் போகும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். துருவக் கடல், ஆழ்கடல் இரண்டையும் சேர்த்தே குளிர்கடல் என்கிறோம். ஆய்வகத்தில் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கான விவரங்கள் பிற்பகுதியில் உள்ளன.

மும்பையில் இருப்பவர்களுக்குக் குளிர்கடலைப் பற்றி என்ன கவலை?

கடல்நீரில் பெரும்பகுதி குளிர்ந்த நீர்தான். உலகக் கடல்நீரின் கொள்ளளவில் சுமார் 90 சதவீதம் 5 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருக்கிறது. மரைன் டிரைவில் காலை நனைக்கும் தண்ணீர் 25 முதல் 30 டிகிரி வரை இருக்கலாம். அதே அரபிக்கடலில் கண்டத்திட்டைத் தாண்டிப் போய் 2,000 மீட்டர் ஆழத்தில் வெப்பமானியை இறக்கினால் 3 டிகிரி அளவில்தான் காட்டும். அந்த அடிநீர் தென்துருவப் பக்கம் குளிர்ந்து மூழ்கி, மெல்ல வடக்கே நகர்ந்து வந்தது. ஆகவே நம் கடலின் அடியில் வாழும் பாக்டீரியாவும் குளிர்கடல் பாக்டீரியாதான்.

ஒரு மில்லி கடல்நீரில் எத்தனை பாக்டீரியா இருக்கும்?

மேற்பரப்பில் சுமார் 5 லட்சம் முதல் 10 லட்சம். துருவக் கடலில் ஒளியில்லாத குளிர்காலத்தில் இது வெகுவாகக் குறையும். கோடையில் பாசி பெருகும்போது மீண்டும் ஏறும். ஆழத்தில் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை. வைரஸ்கள் இதைப்போலச் சுமார் பத்து மடங்கு. ஆழ்கடல் செல்களில் கணிசமான பங்கு ஆர்க்கியா என்னும் தனிக்குலத்தைச் சேர்ந்தது. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் எண்ணும்போது சேர்ந்தே வந்துவிடும்.

அந்தக் குளிரில் அவை எப்படி உறையாமல் இருக்கின்றன?

உப்பு இருப்பதால் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி வரை உறையாது. ஆகவே தண்ணீருக்குள் இருக்கும் செல்லுக்கு உறைதல் முதல் பிரச்சினையே அல்ல. செல்லின் சவ்வு விறைத்துப்போவதும், என்சைம்கள் மந்தமாவதும்தான் சிக்கல்.

ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிப்பட்டுவிடும், நல்லெண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு கூடுதலாக இருப்பதே காரணம். குளிர்கடல் பாக்டீரியாவின் சவ்விலும் அதே ஏற்பாடு. ஷெவனெல்லா என்னும் பாக்டீரியாவின் சில இனங்கள் நாம் மீனெண்ணெயில் தேடும் ஒமேகா-3 வகைக் கொழுப்பையே சொந்தமாகத் தயாரித்துச் சவ்வில் வைத்துக்கொள்கின்றன.

என்சைம்களின் வடிவம் தளர்வானது. குறைந்த வெப்பத்திலும் அசைந்து வேலை செய்யும். விலையாக, கொஞ்சம் சூடு பட்டாலே குலைந்துவிடும். இந்தக் குறையே ஆய்வகங்களுக்குப் பயன்பட்டது. அண்டார்க்டிக் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு பாஸ்பட்டேஸ் என்சைம் டி.என்.ஏ வேலைகளுக்காக விற்பனையில் இருக்கிறது. வேலை முடிந்ததும் சற்றே சூடாக்கினால் செயலிழந்துவிடும், தனியாகப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை.

சைக்ரோபைல், அதாவது குளிர்விரும்பி, என்பதற்கு வரையறை என்ன? தேர்வில் குழப்புகிறதே.

1975-ல் நுண்ணுயிரியலாளர் மோரிட்டா வகுத்ததே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 0 டிகிரியிலோ அதற்குக் கீழோ வளர வேண்டும். மிக நன்றாக வளரும் வெப்பநிலை 15 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. 20 டிகிரிக்கு மேல் வளரவே கூடாது. குளிரில் வளர்ந்தாலும் 20-க்கு மேல்தான் செழிப்பவை குளிர்தாங்கிகள், அதாவது சைக்ரோடாலரன்ட். ஆர்க்டிக் கடலடிச் சேற்றிலிருந்து பிரித்த கொல்வெல்லியா சைக்ரெரித்ரேயா 34எச் என்பது முதல் வகைக்கு நல்ல உதாரணம். அதன் முழு மரபணுத் தொகுதி 2005-ல் வெளியானது. அலாஸ்கா கடல் பனிக்கட்டியில் கிடைத்த சைக்ரோமோனாஸ் இங்கிரஹாமி மைனஸ் 12 டிகிரியிலும் வளரும், ஆனால் ஒன்று இரண்டாவதற்குச் சுமார் 240 மணி நேரம் ஆகும்.

பாக்டீரியா இறந்ததை மக்கவைக்கும், அவ்வளவுதானே?

அது பாதிக்கதைதான். டயாட்டம் போன்ற மிதவைப் பாசிகள் வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையும் அமினோ அமிலமும் முழுக்கச் செல்லுக்குள் தங்குவதில்லை. கொஞ்சம் கசிகிறது, மேயும் உயிரிகள் கடிக்கும்போது கொஞ்சம் சிந்துகிறது, வைரஸ் தாக்கிச் செல் வெடித்தால் மொத்தமும் கொட்டிவிடுகிறது. தண்ணீரில் கரைந்துபோன இந்த உணவை கிரில் என்னும் இறால்போன்ற சிற்றுயிரோ மீனோ எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய அளவில் உறிஞ்சி மறுபடி உடலாக்குவது பாக்டீரியா மட்டுமே. பாக்டீரியாவை நுண்கசையுயிரிகள் தின்னும், அவற்றைச் சிலியேட்டுகள், அவற்றைக் கோபிபாட்கள் என்னும் சிறு ஓட்டுயிரிகள். கரைந்துபோனது இப்படித்தான் உணவுச் சங்கிலிக்குத் திரும்புகிறது. 1974-ல் கடல் சூழலியலாளர் பொமராய் இதன் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னார். 1983-ல் ஃபரூக் அஸாமும் உடன் ஆய்வாளர்களும் நுண்ணுயிர்ச் சுழல் என்ற பெயரில் இதை நிலைநிறுத்தினார்கள்.

வாங்கிய அத்தனையும் மேலே போய்ச் சேர்வதில்லை. பாக்டீரியா உண்ணும் கார்பனில் பெரும்பாலும் 10 முதல் 30 சதவீதமே உடலாகிறது. மீதி கார்பன் டை ஆக்சைடாக வெளியே போகிறது. அடுத்தடுத்த படிகளிலும் இதே கதை. பாசியை கிரில் நேரடியாகத் தின்றால் திமிங்கிலம் வரை இரண்டே படி. பாக்டீரியா வழியாகச் சுற்றிப்போனால் நாலைந்து படி, மிஞ்சுவது சொற்பம். ஒரு துருவக் கடல் எத்தனை திமிங்கிலத்துக்கும் பெங்குயினுக்கும் சோறு போடும் என்பதில் எந்த வழியாக எவ்வளவு கார்பன் போகிறது என்ற கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

கணக்கின் அளவையும் பாருங்கள். உலகக் கடல்களில் கரைந்திருக்கும் கரிமக் கார்பன் சுமார் 66,000 கோடி டன். வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடாக இருக்கும் கார்பனோடு ஒப்பிடத்தக்க இருப்பு இது. இந்தக் கிடங்கின் முக்கியக் கணக்குப்பிள்ளை பாக்டீரியாதான்.

குளிரில் பாக்டீரியா மந்தமாகிவிடும் என்கிறார்களே, அப்படியானால் அதன் பங்கு சிறியதுதானா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். பாடப்புத்தகம் குளிரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது. குளிரும் உணவின் அடர்வும் சேர்ந்தே வேகத்தை முடிவுசெய்கின்றன.

பத்து டிகிரி குறைந்தால் வேதிவினைகளின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்தக் கணக்குப்படி துருவக் கடல் ஏறக்குறைய உறங்கிக்கிடக்க வேண்டும். ஆனால் கோடைப் பெருக்கத்தில் போலாரிபேக்டர் போன்ற பாக்டீரியா, பாசியின் சர்க்கரைச் சங்கிலிகளை 0 டிகிரி நீரிலேயே சுறுசுறுப்பாக வெட்டித் தின்கின்றன. உணவு மிகுந்திருக்கும்போது குளிர் பெரிய தடையாவதில்லை.

உணவு மெலிந்தால் நிலைமை மாறுகிறது. செல்லுக்குள் உணவை இழுத்துவரும் புரதங்கள் சவ்வில் பதிந்திருக்கின்றன. குளிரில் அவற்றின் பிடிப்பு தளர்கிறது. எனவே அதே வேகத்தில் வளர, வெந்நாட்டுக் கடலைவிடக் கூடுதல் அடர்வில் உணவு தேவைப்படுகிறது. நியூஃபவுண்ட்லாந்து அருகே வசந்தகாலப் பாசிப்பெருக்கின்போது பாக்டீரியா எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருந்ததைக் கண்டு, பொமராயும் டைபலும் 1986-ல் முன்வைத்த கருத்து இது. எல்லாக் குளிர்கடலிலும் ஒரே மாதிரி பொருந்தவில்லை என்ற விவாதமும் நடந்தது. ஆனால் வெப்பத்தையும் உணவையும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. அந்தப் பருவத்தில் பாக்டீரியாவுக்கு எட்டாமல் தப்பும் பாசி கிரிலுக்கும் கடலடிக்கும் போய்ச்சேர்கிறது.

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலின் அடியில் இவ்வளவு டயாட்டம் ஓடுகள் படிந்திருப்பதற்கும் பாக்டீரியாவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. டயாட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது. கடல்நீரில் சிலிக்கா இயல்பாகவே கரையும். ஆனால் ஓட்டின் மேல் ஒரு கரிமப் பூச்சு இருக்கிறது, அது இருக்கும்வரை கரைவது தாமதமாகும். பாக்டீரியா புரதத்தைச் செரிக்கும் என்சைம்களைக் கொண்டு அந்தப் பூச்சை உரித்துவிடுகிறது. வெறும் ஓடு வேகமாகக் கரைகிறது. பிடிலும் அஸாமும் 1999-ல் இதைக் காட்டினார்கள். குளிரில் இந்த உரித்தல் தாமதமாகிறது என்பதை 2002-ல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது. பூச்சோடு மூழ்கும் ஓடு, உள்ளே இருக்கும் கார்பனையும் சேர்த்து ஆழத்துக்கு இழுத்துப்போகிறது. தென்கடலின் அடியில் டயாட்டச் சேறு படிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாசிக்குப் பாக்டீரியாவால் நன்மை ஏதாவது?

வைட்டமின் பி12. பல டயாட்டங்களுக்கு அது தேவை, ஆனால் அவற்றால் தயாரிக்க முடியாது. சில பாக்டீரியாவும் ஆர்க்கியாவும்தான் தயாரிக்கின்றன. தென்கடலின் பெரும்பகுதியில் இரும்புச்சத்துப் பற்றாக்குறை பாசி வளர்ச்சியைக் கட்டிப்போடுகிறது என்பது தெரிந்ததே. அண்டார்க்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில் சில நேரங்களில் இரும்போடு பி12-ம் சேர்ந்து குறைவதாக 2007-ல் வந்த ஆய்வு காட்டியது. அதே இரும்புக்காகப் பாக்டீரியா பாசியோடு போட்டியும் போடுகிறது.

கடல் பனிக்கட்டிக்குள் உயிர் இருக்க முடியுமா?

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் போகாது. அது ஒதுங்கி, நுண்ணிய குழாய்களில் உப்புக்கரைசலாகத் தேங்குகிறது. மைனஸ் 10 டிகிரியில் அந்தக் கரைசலின் உப்பு கிலோவுக்குச் சுமார் 145 கிராம், சாதாரணக் கடல்நீரைப்போல நாலு மடங்கு. பாக்டீரியாவும் டயாட்டமும் அந்தக் குழாய்களில்தான் குடியிருக்கின்றன. சுற்றிலும் கொழகொழப்பான சர்க்கரைப் பசையைச் சுரந்து உப்பிலிருந்தும் படிகத்தின் கூர்முனையிலிருந்தும் தப்புகின்றன. பனி மைனஸ் 5 டிகிரிக்கு மேல் சூடாகும்போது, கரைசலின் பங்கு கொள்ளளவில் 5 சதவீதத்தைத் தாண்டி, குழாய்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. அப்போது கீழேயிருக்கும் கடலிலிருந்து உணவுச்சத்து உள்ளே வரத் தொடங்கும்.

அண்டார்க்டிக் ஏரி ஒன்றில் கிடைத்த மரினோமோனாஸ் பிரிமோரியென்சிஸ் பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ள நீளமான தனிப் புரதமே வைத்திருக்கிறது. பனியின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டால் ஒளியும் ஆக்சிஜனும் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஆழ்கடலில் உணவு கெடாதாமே?

ஆல்வின் என்ற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கியின் கதையைத்தான் கேட்கிறீர்கள். 1968 அக்டோபரில் அது அட்லாண்டிக்கில் சுமார் 1,540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. ஆட்கள் தப்பிவிட்டார்கள், மதியச் சாப்பாடு உள்ளேயே தங்கிவிட்டது. பத்து மாதம் கழித்து மேலே எடுத்தபோது சாண்ட்விச்சும் ஆப்பிளும் சூப்பும் கிட்டத்தட்டக் கெடாமல் இருந்தன. அதே உணவை 3 டிகிரி குளிர்பெட்டியில் வைத்தார்கள், சில வாரங்களில் கெட்டுப்போனது.

இரண்டு இடத்திலும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் அழுத்தத்தில். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அங்கே சுமார் 150 மடங்கு. ரொட்டியோடு போன பாக்டீரியா தரைவாசிகள், அந்த அழுத்தத்தில் அவற்றால் இயங்க முடியவில்லை. ஆழ்கடலுக்கே உரிய அழுத்தவிரும்பி பாக்டீரியாவை 1979-ல்தான் யாயனோஸ் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். ஆகவே “ஆழத்தில் எதுவும் மக்காது” என்று எழுதினால் தவறு. அங்கே மக்கவைக்கும் ஆட்கள் வேறு.

குளிர்கடலில் எண்ணெய் கொட்டினால் பாக்டீரியா சுத்தம்செய்துவிடுமா?

செய்யும், நிபந்தனைகளோடு. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் கிணறு வெடித்தபோது, 1,100 மீட்டர் ஆழத்தில் 5 டிகிரி நீரில் பரவிய எண்ணெய் மேகத்தில் ஓஷியானோஸ்பிரில்லேல்ஸ் வகைப் பாக்டீரியா வேகமாகப் பெருகின. அங்கே எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறியிருந்தது, ஆக்சிஜனும் இருந்தது. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டிய சுமார் 4 கோடி லிட்டரில், கூழாங்கல் கரைகளின் அடியில் புதைந்த பகுதி பல பத்தாண்டுகள் கழித்தும் இருந்தது. தின்னும் பாக்டீரியா இருந்தும் அந்த அடியில் ஆக்சிஜன் போதவில்லை, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஊட்டமும் போதவில்லை. எண்ணெய் கார்பனை மட்டும்தான் தருகிறது. குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு பாக்டீரியா தொடும் பரப்பு குறைவதும் சேர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து பாக்டீரியா பொடி வாங்கித் தூவுவதைவிட, ஊட்டமும் காற்றோட்டமும் கொடுப்பதே பெரும்பாலும் பலனளிக்கும் என்பது எங்கள் கருத்து.

சாசூன் டாக்கில் வாங்கும் மீனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ஐஸில் வைத்த மீனைக் கெடுப்பவை ஷெவனெல்லா, சூடோமோனாஸ் போன்ற குளிர்தாங்கிகள். மீன் உடலில் உள்ள டிரைமெதிலமைன் ஆக்சைடை டிரைமெதிலமைனாக மாற்றுவதில் ஷெவனெல்லா கெட்டி. மூக்கைத் துளைக்கும் பழைய மீன் வாடை அதுதான்.

வெப்பமண்டல மீன் ஐஸில், குளிர்நாட்டுக் காட் மீனைவிடப் பெரும்பாலும் அதிக நாள் தாங்கும். காட் மீனின் செதிலில் ஏற்கெனவே குளிருக்குப் பழகிய பாக்டீரியா இருக்கிறது, ஐஸ் அதற்கு வீடு. நம் வாவலின் மேல் இருப்பவற்றில் பெரும்பாலானவை வெப்பவாசிகள், ஐஸில் அடங்கிவிடும். ஓரிரண்டு குளிர்தாங்கிகள் பெருகி ஆதிக்கம் பெறுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். ஆனால் இந்த லாபம் பிடித்த உடனே ஐஸ் போட்டால்தான். 30 டிகிரியில் சில மணி நேரம் கிடந்துவிட்டால் லாபம் போயிற்று.

எடைக்கு எடை ஐஸ், உருகும் தண்ணீர் வடிய வழி, குடலும் செவுளும் நீக்குதல் என்ற மூன்றும் முக்கியம். தேங்கிய ஐஸ்தண்ணீரிலேயே மீனைக் கிடத்தினால் மேல்மீனின் பாக்டீரியா கீழ்மீனுக்கு இறங்கும். இங்கே பாங்டா என்று விற்கும் அயலையிலும் சூரையிலும் இன்னொரு ஆபத்து உண்டு. குளிர் தவறினால் பாக்டீரியா ஹிஸ்டமின் உண்டாக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.

துருவ பாக்டீரியாவால் நமக்கு நோய் வருமா?

உண்மையான சைக்ரோபைலுக்கு நம் உடலின் 37 டிகிரி கொல்லும் சூடு. கவலைப்பட வேண்டியது வீட்டு ஃபிரிட்ஜில் 4 டிகிரியிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா போன்ற குளிர்தாங்கிகளைப் பற்றி.

கல்லூரி ஆய்வகத்தில் குளிர் பாக்டீரியாவை வளர்க்க முடியுமா? எங்கள் தட்டில் எதுவுமே வருவதில்லை.

முடியும். வராமல் போவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம், அதுவும் நீங்களே அறியாமல் கொடுத்த சூடு.

சோபெல் மரைன் அகார் 2216 பொடியை லிட்டருக்குச் சுமார் 55 கிராம் என்று கரைத்து, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யுங்கள். லேசாகக் கலங்கி வண்டல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஊடகத்தின் இயல்பு. தட்டுகளை முந்தின நாளே ஊற்றி 4 டிகிரியில் வைத்துவிடுங்கள். மாதிரியை உருகிய அகாரோடு கலந்து ஊற்றும் முறை இங்கே கூடவே கூடாது. 45 டிகிரி அகாரில் சைக்ரோபைல் செத்துவிடும். பரப்பும் முறைதான் சரி.

கடல்நீர் மாதிரியை ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். கழிவுநீர் வாய்க்கால் விழும் இடத்தைத் தவிர்த்து, நீர் ஏறியிருக்கும் நேரத்தில், கையுறையோடு எடுங்கள். நீர்த்தலுக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், உப்பில்லாத நீரில் கடல் செல்கள் வெடித்துவிடும். கிருமிநீக்கிய கடல்நீர் வேண்டும். குழாய்கள், பிப்பெட் முனைகள் எல்லாம் ஐஸில் இருக்கட்டும். மூலநீரிலும் 10, 100, 1,000 மடங்கு நீர்த்ததிலும் 0.1 மில்லி எடுத்துப் பரப்புங்கள். தீயில் காட்டிய கண்ணாடிப் பரப்பியை ஆறவிடாமல் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

தட்டைக் கவிழ்த்து, பாராஃபில்ம் சுற்றி, ஈரமான டிஷ்யூ வைத்த மூடிய டப்பாவில் போட்டு 4 டிகிரியில் இரண்டிலிருந்து நான்கு வாரம் வையுங்கள். ஒரு வாரத்தில் தூக்கிப்போடாதீர்கள். அடிக்கடி கதவு திறக்கும் ஃபிரிட்ஜில் வெப்பநிலை ஏறி இறங்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி உள்ளே வைத்தால் உண்மை தெரியும். அகார் காய்ந்தால் உப்புப் படிகங்கள் மினுமினுப்பாக முளைத்துக் காலனிபோலத் தோன்றும். லூப்பால் தொட்டுப் பாருங்கள்: காலனி இழுபடும், படிகம் நொறுங்கும்.

கிடைத்த காலனியை இரண்டு தட்டில் கோடிழுத்து, ஒன்றை 4 டிகிரியிலும் மற்றதை 25 டிகிரியிலும் வையுங்கள். இரண்டிலும் வளர்ந்தால் குளிர்தாங்கி. மும்பைக் கரைநீரில் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே இந்த வகையாகத்தான் இருக்கும். 37 டிகிரியில் வளர்த்துப் பார்க்க வேண்டாம். கழிவுநீரில் வந்த நோய்க்கிருமியைப் பெருக்கும் வேலை அது. முடிந்ததும் எல்லாத் தட்டையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.

தட்டில் சில நூறு, நுண்ணோக்கியில் பல லட்சம். எது சரி?

நுண்ணோக்கிதான். கடல் பாக்டீரியாவில் மிகச் சிறு பங்கே அகாரில் வளரும். கடல்களில் மிக அதிகமாகக் காணப்படும் சார்11 என்னும் பாக்டீரியாக் கூட்டம் 1990-ல் மரபணு மூலம் தெரியவந்தது. வளர்த்துக்காட்ட 2002 வரை ஆயிற்று.

எண்ணுவதற்கு 10 மில்லி மாதிரியில் 37 சதவீத ஃபார்மலின் சுமார் 0.55 மில்லி சேருங்கள், இறுதி அளவு 2 சதவீதம் ஆகும். டி.என்.ஏ-வில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயமிட்டு, 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள கறுப்பு பாலிகார்பனேட் வடிதாளில் வடித்து, ஒளிர்நுண்ணோக்கியில் குறைந்தது பத்துப் புலங்களையாவது எண்ணுங்கள். ஃபார்மலினையும் சாயத்தையும் முன்னதாக வடிகட்டாவிட்டால் அவற்றிலிருக்கும் செல்களும் கணக்கில் ஏறும். மும்பைக் கரைநீரில் சேறு அதிகம், சேற்றுத்துகளும் ஒளிரும். அரை மில்லி, ஒரு மில்லி மட்டும் வடியுங்கள். ஃபார்மலினிட்ட மாதிரியை வாரக்கணக்கில் வைத்தால் செல்கள் குறைந்துவிடும். உடனே ஸ்லைடாக்கி மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

கடல் சூடாவதால் என்ன மாறும்?

உணவு மிகுந்த துருவக் கோடையில் பாக்டீரியாவின் மூச்சு வேகமெடுக்கும், மூழ்க வேண்டிய கார்பனில் ஒரு பங்கு மேலேயே கார்பன் டை ஆக்சைடாகும். டயாட்ட ஓட்டின் பூச்சும் சீக்கிரம் உரியும். உணவு மெலிந்த நீரில் சூடு மட்டும் ஏறினால் அவ்வளவு வேகம் வராது. பனிக்கட்டி சுருங்கினால் அதன் குழாய்களை நம்பியிருக்கும் சமூகத்துக்கு இடமே போய்விடும்.

இந்தியாவில் இதை எங்கே படிக்கலாம்?

துருவ ஆய்வுக்கான தேசிய மையம் கோவாவில் வாஸ்கோவில் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் மைத்ரி, 2012 முதல் பாரதி, ஆர்க்டிக்கில் 2008 முதல் ஹிமாத்ரி ஆகிய நிலையங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. 2014-ல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள காங்ஸ்ஃபியோர்டனில் இந்தார்க் என்ற கருவித்தொகுதியை நீருக்கடியில் நிறுத்தினார்கள். ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் சிவாஜியின் குழு குளிர்வாழ் பாக்டீரியாவில் பல புதிய இனங்களை விவரித்தது. தென் இந்தியப் பெருங்கடலின் கெர்குலன் தீவுக் கடல்நீரில் கிடைத்த மரினோமோனாஸ் போலாரிஸ் அவற்றில் ஒன்று. மும்பையை விட்டுப் போக முடியாதவர்களுக்கு அந்தேரியில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் மண்டல மையமும், வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. மைக்ரோபயாலஜியோடு கொஞ்சம் கடல் வேதியியலும் புள்ளியியலும் சேர்த்துப் படியுங்கள். கப்பலில் இடம் கேட்கும்போது, உப்பளவும் ஆக்சிஜனும் அளக்கத் தெரிந்த உயிரியல் மாணவருக்கு வாய்ப்பு அதிகம்.